கொட்டாப்புளிக் கையின் பக்கம்

படுக்கை விரிப்பொன்றை அயன் பண்ணிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த மனிதனின் சத்தியத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். அவன் செத்து முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் எனக்கு வேலை. சிஞ்ஞோரா என்றால் அம்மா என்கிற மாதிரி. கணவரை இழந்தவர், எழுபது தாண்டியவர், சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். காலையில் கூட்டித் துடைப்பேன். மத்தியானம் சமைப்பேன். பின்னேரம் உடுப்புகளை அயன் பண்ணுவேன். அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு கப்பல் யாருடையது என்று சண்டை வந்தால், அதை விசாரிப்பதற்கென்றே சிசிலித் துறைமுகங்களில் தனி நீதிமன்றம் இருந்ததாம். மாலுமிகளும் தச்சர்களும் சுமை தூக்கியவர்களும் அங்கே வந்து சொன்ன சாட்சியங்களைப் பழைய கட்டுகளிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். இப்போது கண் மங்கிவிட்டது. ஆகையால் எழுதியதைப் பெரிய கண்ணாடியை வைத்து உரக்க வாசித்துத்தான் பிழை பார்ப்பார். நான் அயன் பெட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருவரும் கதைப்பது இத்தாலியனில்தான். அதை எங்கள் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சாட்சியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரே மாதிரித் தொடங்கும். சாட்சி நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வான். பிறகு வயது, தொழில், ஊர் கேட்பார்கள். வழக்காளிகளில் யாரோடாவது பகையோ உறவோ உண்டா என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அவன் எதைச் சொன்னாலும் உடனே அடுத்த கேள்வி வரும்: "உனக்கு அது எப்படித் தெரியும்?" கண்ணால் கண்டதா, ஆட்கள் சொல்லக் கேட்டதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் கேட்கிற கேள்விகளிலேயே இதுதான் மிக நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது.

அன்று சிஞ்ஞோரா வாசித்த வழக்கு ஒரு விதவையுடையது. அவளுடைய புருஷனின் கப்பலைக் கடற்கொள்ளைக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சில வருஷம் கழித்து அதே மாதிரியான கப்பல் ஒன்று, வேறு நிறமும் வேறு பெயருமாக, துறைமுகத்துக்குள் வந்தது. இது என்னுடையது என்றாள் விதவை. நான் வேறு ஊரில் வாங்கினேன் என்றான் ஒரு வியாபாரி. விதவைக்கு ஒரே ஒரு நல்ல சாட்சிதான் இருந்தான். கப்பலின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, நீர் புகாமல் அடைக்கிறவன். எங்களூரில் அதைக் கலப்பத்து வேலை என்போம். அவன் சொன்னது இதுதான்:

"இந்தக் கப்பலை மணலில் ஏற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தபோது அடியில் கிடந்து வேலை செய்தேன். முகப்பு தேவாலயத்தைப் பார்த்தபடி இருந்தது. அடிக்கட்டையிலிருந்து மூன்று சாண் தள்ளி, என் கொட்டாப்புளிக் கையின் பக்கம், மற்றப் பலகைகளோடு சேராத ஒரு பலகை உண்டு. அதை இறுக்கியது நான். முடிக்கிற நேரம் என் தலைக்குப் பின்னால் மத்தியான மணி அடித்தது. வேலையை விட்டுவிட்டுச் செபம் சொன்னேன்."

கொட்டாப்புளி என்றால் உளியின் தலையில் அடிக்கிற மரச் சுத்தியல். அது எப்போதும் வலது கையில்தான் இருக்கும். நீதிமன்றத்துப் பெரியவர்கள் கப்பலைக் கரையில் ஏற்றி, வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பலகை அங்கே இல்லை. இடப்பக்கத்தில் ஒன்று இருந்தது. அவ்வளவுதான். சாட்சி ஆள் சொல்லிக்கொடுத்ததை ஒப்புவிக்கிறான், அதையும் மாற்றி ஒப்புவிக்கிறான் என்று ஓரத்தில் எழுதினார்கள்: நம்பத் தகாதவன். விதவை தோற்றாள்.

அந்த அத்தியாயத்துக்குச் சிஞ்ஞோரா வைத்திருந்த தலைப்பே "பொய்ச்சாட்சி" என்பதுதான். புத்தகம் அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் அச்சுக்குப் போக இருந்தது.

நான் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"சிஞ்ஞோரா, அந்த மனுசன் பொய் சொல்லியிருக்கமாட்டான்."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுவிட்டார். மன்னார்க் கரையில் பதினாறு வயதிலிருந்து முப்பது வயதுவரை நான் செய்தது கலப்பத்து வேலைதான், பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயுமாக வள்ளங்களுக்கு அடியில் கிடந்தவன் நான் என்றேன். மூன்று வருஷம் வேலை செய்த வீட்டில் அன்றுதான் அதைச் சொன்னேன். கேட்டால்தானே சொல்வதற்கு. இந்த நாட்டில் எனக்கு முதன்முதல் தாள் எழுதிய அரசாங்கக் கந்தோரில், யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்து, தொழில் என்ற இடத்தில் கமக்காரன் என்று போட்டுவிட்டார்கள். நான் ஒரு கத்தரிக்கன்றுகூட நட்டதில்லை. சொன்னது ஒன்று, எழுதப்பட்டது ஒன்று என்றால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"சரி, காட்டுங்கோ," என்றார் சிஞ்ஞோரா.

சாப்பாட்டு மேசைதான் கப்பல். யன்னல் பக்கம் முகப்பு என்று அவர் தீர்மானித்தார். மற்றப் பக்கம் கதிரைகள் நெருக்கமாக இருந்தபடியால் நான் யன்னல் பக்கத்தால் தலையை விட்டு உள்ளே போய் மல்லாந்து படுத்தேன். அகப்பையைக் கொட்டாப்புளி மாதிரிப் பிடித்து வலது கையை உயர்த்தினேன். சிஞ்ஞோரா குனிந்து பார்த்தார்.

"உங்கட வலது கை, கப்பலின்ர வலப்பக்கத்திலதான் நிக்குது," என்றார். "அப்ப அவர்கள் பாத்ததுதான் சரி. பலகை வலப்பக்கம் இருந்திருக்க வேணும். இருக்கேல்லை."

அவர் சொன்னது சரி. என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. வெளியே வந்தபோது அவர் அந்த வழக்குக் கோப்பை மூடிவிட்டார். இரக்கமாகத்தான் மூடினார். அதுதான் இன்னும் சுட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நாங்கள் அப்போது அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, படிச்ச மனுசிக்கு நீங்கள் பாடம் எடுக்கப் போனியளோ?"

"பாடம் இல்லை. அவன் வேதப் புத்தகத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவன்."

"பண்ணினான்தான். செத்தும் போனான். இஞ்ச இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அடுத்த மாசம் அந்த மனுசிதான் கடிதம் தரவேணும். ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"மேசைக்குக் கீழ வேற படுத்தியளாம். கழுவின சேட்டு." அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதன் ஆண்டவர் பேரில் சொன்ன வார்த்தை. ஓரத்தில் எவனோ எழுதிய ஒரு வரியால் அவன் முந்நூற்றைம்பது வருஷமாகப் பொய்யனாகக் கிடக்கிறான். இனி அச்சிலும் ஏறினால் அதை அழிக்க யாரும் வரப்போவதில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளைகளைக் கால்சாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அங்கே மீன்பிடிக்காரர் சின்ன வள்ளங்களைச் சாய்ந்த கரையில் இழுத்து ஏற்றி வைத்திருப்பார்கள். அன்று ஒரு நீல வள்ளம் முகப்பு கரையைப் பார்த்தபடி முட்டுக்கொடுத்து நின்றது. பழக்கத்தில் குனிந்து அடியைப் பார்த்தேன். இடுக்குப் பஞ்சு பிதுங்கிக் கொண்டிருந்தது. வேலை சரியில்லை என்று நினைத்தேன்.

அந்த நேரம் பின்னால் கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கை தானாகவே நெற்றிக்குப் போனது. அந்த மணிக்குச் சொல்கிற திரிகால செபத்தைத் தொடங்கினேன். "ஆண்டவருடைய தூதன்" என்ற இடத்திலேயே நாக்கு நின்றுவிட்டது.

தலைக்குப் பின்னால் மணி அடித்தது என்றான் அவன்.

கோயில் தரையில் இருக்கிறது. கடலில் அல்ல. மணி தலைக்குப் பின்னால் அடித்தது என்றால் அவன் தலை கரையைப் பார்த்துக் கிடந்தது. கப்பலின் முகப்பும் கோயிலைத்தான் பார்த்தபடி நின்றது. முகப்பும் தலையும் ஒரே திசை! நான் மேசைக்கு அடியில் தலையை மாற்றி வைத்துவிட்டேன். சமதரையில் எப்படியும் படுக்கலாம். சாய்ந்த மணலில் எந்தக் கலப்பத்துக்காரன் தலையைக் கடல் பக்கம் தாழ்த்திப் படுப்பான்? இரத்தம் முழுவதும் மண்டைக்கு வந்துவிடும். பதினாலு வருஷம் நானே தலையை மேட்டுப் பக்கம் வைத்துத்தான் படுத்தேன். விரிப்புப் போட்ட வீட்டில் அது மறந்து போயிற்று.

"அப்பா, அந்தியாமோ?" என்று மூத்த மகள் கையைப் பிடித்து இழுத்தாள். போவோமா என்று கேட்கிறாள். பிள்ளைகள் அப்படித்தான், பாதி அது, பாதி இது.

"பொறு பிள்ளை. செபத்தை முடிச்சுப்போட்டு வாறன்," என்றேன். முழுவதும் சொல்லி முடித்தேன். அவன் சொன்ன செபம் அல்லவா.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவிடம் சொன்னபோது அவர் உடனே சந்தோஷப்படவில்லை. கோப்பைத் திறந்து அந்த வரியைக் கண்ணாடி வைத்து மூன்று தரம் வாசித்தார்.

"இந்த மணி... இதைச் சும்மா பக்திப் பேச்சு எண்டு நினைச்சன். நீதிபதிக்கு நல்ல பிள்ளையாக் காட்டச் சொல்லுறான் எண்டு." கண்ணாடியை மேசையில் வைத்தார். "இருவது வருஷத்துக்கு முன்னமே இவனைப் பொய்யன் எண்டு ஒரு கட்டுரையும் எழுதிப்போட்டன். அதைப் பாத்து வேற ஆட்களும் எழுதியிருக்கினம்."

எனக்கு அடுத்த மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவப் போயிருக்கலாம்.

"சிஞ்ஞோரா, ஒருக்கா வந்து பாருங்கோ. வீட்டுக்குள்ள வேண்டாம். கரையில," என்றேன்.

வாடகைக் காரில் போனோம். அதே நீல வள்ளம் நின்றது. நான் கடுதாசிப் பெட்டியொன்றைப் பிரித்து மணலில் விரித்து, தலையைக் கரைப் பக்கம் வைத்து அடியில் நுழைந்தேன். தோளில் ஈர மணல் பட்டது. மூக்குக்கு மேல் ஒரு முழம் தள்ளிப் பலகை. வலது கையை உயர்த்திப் பலகையில் தட்டினேன்.

"சிஞ்ஞோரா, முகப்பைப் பாத்துக்கொண்டு பின்னால நில்லுங்கோ. நான் தட்டுற பக்கம் எது?"

வேறொரு குரல்தான் வந்தது.

"ஏய்! என்ர வள்ளத்துக்குக் கீழ ஆர் கிடக்கிறது? உயிரோடயோ?"

வள்ளக்காரர். அறுபது வயது இருக்கும். கையில் வலையோடு நின்றார். பேசியது சிசிலிப் பேச்சு.

"பேசாமல் இருங்கோ," என்றார் சிஞ்ஞோரா. "அவர் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்."

"ஆருக்கு? நண்டுக்கோ?"

"உங்களிட்டயும் ஒண்டு கேக்கவேணும். இதுக்குக் கீழ படுத்து வேலை செய்யேக்க தலையை எந்தப் பக்கம் வைப்பியள்?"

வள்ளக்காரர் சிஞ்ஞோராவை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன கேள்வி? மேட்டுப் பக்கம்தான். கீழ வைச்சால் மண்டை வெடிச்சுப் போகும். கழுதையும் தலையைக் கீழ வைச்சுப் படுக்காது." பிறகு என்னைக் குனிந்து பார்த்தார். "இந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கே. நீ எந்தக் கடல்?"

"மன்னார்."

"அது எங்கை?"

"தூரம்."

"கடல்தானே," என்றார் அவர்.

நான் மறுபடியும் பலகையைத் தட்டினேன். கொட்டாப்புளிக் கை, வலது கை, தட்டியது வள்ளத்தின் இடப்பக்கம். பெரியவர்கள் பலகையைக் கண்ட அதே பக்கம். அவன் நேரே நின்று பார்த்துச் சொல்லவில்லை. கிடந்தபடி, கையால் அறிந்ததைச் சொன்னான். விசாரித்தவர்களோ வாழ்க்கையில் ஒருநாளும் கப்பலுக்கு அடியில் கிடந்தவர்கள் அல்ல. அவனை மல்லாந்து படுத்துக் காட்டச் சொல்லி ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வெளியே வந்து முதுகைத் தட்டினேன். சிஞ்ஞோரா கடலோரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. காற்றா வேறெதுவுமா தெரியாது.

"அந்தக் காலத்துச் சட்டத்தில ரெண்டு சாட்சி வேணும்," என்றார். "எனக்கு ரெண்டு கிடைச்சிட்டுது." பிறகு என்னை நேரே பார்த்தார். "அப்ப கப்பல் அந்த விதவையின்ரதான். அப்பிடி எழுதலாம், என்ன?"

ஓம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது. சிஞ்ஞோராவும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் அந்த மனிதன் கண்டதை மட்டும் சொன்னவன். அவனுக்காகப் பேச வந்துவிட்டு நான் காணாததைச் சொல்வது எப்படி?

"அது எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா. அவன் அந்தப் பலகையை அடிச்சவன். அது தெரியும். பிறகு கப்பல் ஆர் ஆர் கையில எல்லாம் போச்சுது, ஆர் வித்தது, ஆர் வாங்கினது... அதை நான் காணேல்லை."

அவர் பேனாவை மூடினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"என்ர பெட்டிகளுக்குள்ள நாநூறு சாட்சிக்கு மேல கிடக்கு," என்றார். "உங்களைப்போல ஒண்டு இல்லை."

வள்ளக்காரர் வலையை இறக்கி வைத்துவிட்டு, "விசாரணை முடிஞ்சுதெண்டால் இந்தப் பஞ்சைப் பாத்துச் சொல்லன்," என்றார் என்னிடம்.

"ஆர் அடிச்சது?"

"என்ர மச்சான்."

"மச்சானை இனிக் கூப்பிடாதேங்கோ," என்றேன்.

சிஞ்ஞோரா அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசி அத்தியாயத்தை நிறுத்தி வைத்தார். அங்கே யாரோ கோபப்பட்டார்கள் போல. அவர் குரல் உயர்ந்தது அறைக்கு வெளியேயும் கேட்டது. இரண்டு கிழமை இருந்து திரும்ப எழுதினார். என் கடிதத்தையும் அதே மேசையில் இருந்துதான் எழுதித் தந்தார். கேட்காமலே தந்தார். வீட்டில் அதைக் காட்டியபோது மனைவி, "சரி, உங்கட மாலுமி காப்பாத்திப்போட்டான்," என்றாள்.

"மாலுமி இல்லை. கலப்பத்துக்காரன்," என்றேன்.

"ஓமோம், கலப்பத்துக்காரன்."

புத்தகம் ஐப்பசியில் வந்தது. தலைப்பு மாறியிருந்தது: "தலைக்குப் பின்னால் மணி." இருபது வருஷத்துக்கு முன் தான் எழுதியது பிழை என்று முதல் பந்தியிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். படித்தவர்கள் அப்படிச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் பிறகு ஆட்கள் சொன்னார்கள். மகள்தான் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள்.

"அப்பா, நீங்கள் நோத்தாவில நிக்கிறியள்! கீழ, சின்ன எழுத்தில!"

"சத்தமா வாசி."

அவள் இத்தாலியனில் வாசித்துத் தமிழில் சொன்னாள். என் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. பிறகு பழைய சாட்சியங்கள் எழுதும் அதே முறையில் இப்படி இருந்தது: வயது நாற்பத்து மூன்று, ஊர் மன்னார்க் கரை, தொழில் கலப்பத்து. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தானும் அப்படிக் கிடந்து வேலை செய்ததால் தெரியும் என்றார். கப்பல் யாருடையது என்று கேட்டதற்கு, தான் அதைக் காணவில்லை என்றார்.

தொழில் என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். மனைவி அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துவிட்டு, அந்தச் சின்ன எழுத்தைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். அன்று கோழி சமைத்தாள்.

எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. நவம்பர் இரண்டு, இறந்த விசுவாசிகளின் நாள். தமிழ்ப் பூசையில் எங்கள் இறந்தவர்களின் பெயர்களைப் பூசை வைக்கிற சுவாமி வாசிப்பார். ஒவ்வொருவரும் துண்டில் எழுதிக் கொடுப்போம். நான் அப்பா, அம்மா, தம்பி என்று எழுதி, நாலாவதாக அந்தச் சிசிலிக்காரனின் பெயரையும் எழுதினேன். பூசைக்கு முன் சுவாமி துண்டோடு என்னிடம் வந்தார்.

"இதார் இது? இஞ்சத்தைப் பேரா இருக்கு. உங்கட முதலாளியோ?"

"இல்லை சுவாமி. எங்கட ஆள்."

"சொந்தமோ?"

"தொழில்வழி. பொய்ச்சாட்சி எண்டு வீணாக் கெட்ட பேர் வாங்கினவன். இப்பதான் தீர்ந்தது."

சுவாமிக்கு விளங்கியதா தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார்.

பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, எங்கள் சந்தியாப்பிள்ளைகளுக்கும் மரியம்மாக்களுக்கும் இடையில் அந்தப் பெயர் வந்தது. சுவாமி அதை ஒருமாதிரி இடறித்தான் வாசித்தார். முன்வாங்கில் இருந்தவர்கள் ஆரப்பா இது என்று திரும்பிப் பார்த்தார்கள். மனைவி என் முழங்கையை இடித்து, "நிமிர்ந்து இருங்கோ, உங்கட ஆளைத்தான் வாசிக்கினம்," என்றாள்.

நான் நிமிர்ந்துதான் இருந்தேன்.